கெட்டிலில் வெந்த விரால்

அன்று காலை ஷிஃப்டில் பதினோரு லென்ஸை ரிஜெக்ட் பெட்டியில் போட்டேன். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு, மூன்று வந்தாலே லைன் லீடருக்கு முகம் மாறிவிடும். பதினொன்று என்றதும் ஓடி வந்தார்.

காரின் முன்விளக்கை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கைத்தான் நாங்கள் லென்ஸ் என்போம். ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ கரும்புள்ளியோ தூசியோ முடியோ இருந்தால் எடுத்துப் போட வேண்டும். அதுதான் என் வேலை. இரண்டு வருடமாக அதில் நான் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருந்தேன். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"எல்லாத்துலயும் முடி இருக்குண்ணா. நீங்களே பாருங்க" என்றேன்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "எங்கம்மா முடி? பதினொண்ணும் ஓகே பீஸ்மா. தூங்கிட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. வாங்கி நானே மறுபடி பார்த்தேன். இருந்தது. சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு, ஒரு நுனி மட்டும் கொஞ்சம் தடித்து. லென்ஸைத் திருப்பினேன். கோடு திரும்பவில்லை. லென்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் இருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், கோடு இருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன், இல்லை. வலது கண்ணைத் திறந்து, விழியை அசைக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோடு தானாகச் சுருண்டது. பிறகு தானாக நீண்டது.

என் கண்ணுக்குள் ஏதோ உயிரோடு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. லைன் நிற்கிற அளவுக்குக் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது ஞாபகம் இல்லை. கண்ணைக் கசக்கப் போன என் கையை யாரோ பிடித்து இழுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சென்னைக்கு வெளியே ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைப் பக்கம் ஹாஸ்டல்களில் தங்கி வேலை பார்க்கிற பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். என்னை மாரிச்செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். விளாத்திகுளம் பக்கம் ஊர். இந்த ஒளிவுமறைவு எதற்கு என்பது போகப் போகத் தெரியும்.

எங்கள் ஹாஸ்டலில் அறைக்குள் சமைக்கக் கூடாது. அடுப்பு, கம்பிச்சுருள் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், எதுவும் கூடாது. வார்டன் மாதம் ஒருமுறை பீரோவைத் திறந்து பார்ப்பார். இரண்டாவது மாடியில் ஒரு ஹீட்டர் சிக்கியபோது அந்த அறைப் பெண்கள் மூன்று பேரும் அன்று மாலையே பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். ஹாஸ்டல் போனால் வேலையும் போன மாதிரிதான். எங்களையெல்லாம் எடுத்த கான்ட்ராக்டர்தான் ஹாஸ்டலையும் நடத்துகிறார்.

அப்படியும் எங்கள் அறையில் ஒரு கரண்ட் கெட்டில் இருந்தது. துவைத்த துணி இருக்கும் வாளிக்கு அடியில், பாவாடைக்குள் சுற்றி வைத்திருப்போம். என் அறைத் தோழி பேச்சி வாங்கியது. சிவகங்கைக்காரி. அவளுக்கு வேலை போனால் ஊருக்குப் போக வேண்டும், ஊருக்குப் போனால் தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த மாமனைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் கேட்டால் நீங்களும் போகச் சொல்ல மாட்டீர்கள். ஆனால் மெஸ் சாம்பாரை வாரத்துக்கு ஆறு நாள் சாப்பிட்டால் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளிக்கும் கெட்டில் வாங்கத் துணிச்சல் வந்துவிடும். அதில் முட்டை அவிப்போம். நூடுல்ஸ் வைப்போம். ஒரு தடவை பாயசமே வைத்தோம்.

எங்கள் லைனில் ஸ்டெல்லா என்று ஒருத்தி. இங்கேயே பக்கத்துக் கிராமம். மழை முடிந்து ஏரி நிறைந்திருந்த நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் பாக்ஸில் விரால் மீனைத் துண்டு போட்டு, கழுவி, மஞ்சள் தடவிக் கொண்டுவந்து கேட்டில் கொடுத்தாள்.

"எங்க ஏரி மீனுடி. அப்பா காலைல வலை போட்டுக்கினு வந்தாரு. வெட்டுற வரைக்கும் துள்ளிக்கினு இருந்துது" என்றாள்.

பேச்சியும் நானும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இரண்டு ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். கெட்டிலில் புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மீன். துண்டுகள் என் கைக் கட்டைவிரலைவிடத் தடிமன். தண்ணீர் கொதித்ததும் கெட்டில் 'டக்' என்று தானாக நின்றுவிடும். அதுதானே அதன் குணம். மறுபடி போட்டோம், பொங்கி வழியப் பார்த்தது, நின்றது. மூன்றாவது தடவை போடலாம் என்றேன். வாசனை வராண்டா வரைக்கும் போய்விடும் என்று பேச்சி பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"கொதிச்சிருச்சுல்ல, பெறகென்ன?" என்றாள்.

எலும்பை ஒட்டிய இடத்தில் சதை வெள்ளையாக இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஃப்ரெஷ் மீன் அப்படித்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டோம். லென்ஸில் ஊசிமுனைப் புள்ளியைக் கண்டுபிடிக்கிற நான், வேகாத மீனைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டேன். என்ன ருசி என்று இன்றைக்கும் சொல்ல முடியும்.

இரண்டு நாளில் வயிறு பிடித்து இழுத்தது. வாந்தி. உடம்பெல்லாம் அரிப்பு. மெஸ் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தேன். அது சரியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து வயிற்றில் தொப்புளுக்கு வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வீக்கம். தொட்டால் சூடு, உள்ளே ஊறுகிற மாதிரி ஒரு அரிப்பு. ஐந்தாறு நாளில் வடிந்தது. நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாரம் அதே வீக்கம் விலாவில். அதன் பிறகு தோளில். வீக்கம் இடம் மாறுகிறது என்பதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போல ஒரு பயம்.

மெயின் ரோட்டில் இருந்த கிளினிக்கில் அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் என்று ஒரு வகை வெள்ளை அணு, நூற்றுக்கு ஐந்தாறு இருக்க வேண்டியது, முப்பதைத் தாண்டியிருந்தது. உடம்புக்குள் புழு, பூச்சி ஏதாவது நுழைந்தாலோ அலர்ஜி என்றாலோ அந்த அணு கூடுமாம். குடற்புழு மாத்திரை ஒன்று கொடுத்து அனுப்பினார் டாக்டர். ஒரு மாத்திரைக்கு அது சாகாது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பிறகு வீக்கம் கழுத்துக்கு வந்தது. கன்னத்துக்கு வந்தது.

"இன்னாடி மூஞ்சி ஒரு பக்கம் மட்டும் இப்டி வீங்கிக்கினு கீது? பல்லு வலியா?" என்று ஸ்டெல்லா கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். கடைசியில் வலது கண்ணின் மேல் இமை நான்கு நாள் திறக்க முடியாமல் வீங்கி, ஐந்தாம் நாள் வடிந்தது. கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் பதினோரு லென்ஸ்.

கம்பெனி வண்டியிலேயே சென்னைக்கு ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்சூரன்ஸ் அட்டை இருந்ததால் அந்தக் கவலை இல்லை. கவலைப்பட வேறு எவ்வளவோ இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். பாதிப் பேர் கண்புரைக்காக வந்த வயதானவர்கள். ஒரு நர்ஸ் வரிசையாக வந்து எல்லோர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே போனார். கண்பாப்பா விரிவதற்கான மருந்து. அரைமணி நேரத்தில் எதிரே இருப்பவர்களின் முகமெல்லாம் கரைந்துபோயிற்று. அந்த மங்கலிலும் கோடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது மேலிருந்து கீழே நீந்திப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர், "ஏம்மா இப்படி நடுங்குற? ஏசி ஒத்துக்கலையா?" என்றார்.

என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தாடையை ஒரு கட்டையில் வைக்கச் சொல்லி, வெளிச்சக் கீற்று ஒன்றைக் கண்ணுக்குள் விட்டு வெகுநேரம் பார்த்தார். அவர் மூச்சு விடுவது என் கன்னத்தில் பட்டது. அது ஒரு நிமிடம் நின்றது.

"கருவிழியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கு. பின்னாடி சுவர்ல ரத்தக் கசிவு ஒரு தடம் மாதிரி போகுது. ஏதோ உள்ள நடமாடியிருக்கு" என்றார். பிறகு, "பச்சையாவோ பாதி வெந்தோ மீன் சாப்பிட்டியா? நத்தை? தவளை? நாட்டுக்கோழி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இல்லீங்க மேடம். நாங்க எல்லாத்தையும் வேக வச்சுத்தான் சாப்பிடுவோம்."

"எங்க சாப்பிடுறே?"

"மெஸ்ல."

கம்பெனியிலிருந்து கூட வந்த அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் காதில் கெட்டில் என்ற சொல் விழுந்தால் ராத்திரிக்குள் பேச்சியின் பெட்டி கேட்டுக்கு வெளியே வந்துவிடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் பச்சை மீன் சாப்பிட்டதாக எனக்கே தெரியாது. கொதித்த மீனைத்தானே சாப்பிட்டோம்! பாதி வெந்தது என்ற வார்த்தையைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வார்டில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் அப்பா வந்தார். கொத்தனார் வேலை. பஸ்ஸில் இரவெல்லாம் நின்றுகொண்டே வந்திருப்பார் போல, கால் வீங்கியிருந்தது. என் கட்டிலுக்குக் கீழே பையை வைத்துவிட்டு, "எந்தக் கண்ணுத்தா?" என்று கேட்டார். காட்டினேன். ஊதிவிடப் போகிறவர் மாதிரி குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தானே இருக்கு" என்றார். வெளியே இருந்து பார்த்தால் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான்.

மூன்று நாள் சோதனை மேல் சோதனை. கண்ணுக்கு மேல் ஜெல்லி தடவி ஒரு ஸ்கேன். காசநோய் இருக்கிறதா என்று கையில் ஊசி. யானைக்கால் புழு இருக்கிறதா என்று ஒரு ரத்தச் சோதனை. தலைக்கு எம்ஆர்ஐ. குழாய்க்குள் படுக்கவைத்து, அசையக் கூடாது என்றார்கள். மூளையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரியும். அந்தச் சத்தத்துக்குள் கிடந்து சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். ஸ்டெல்லாவின் சாமியையும் விடவில்லை. மூளையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. கண்ணிலும் ஒன்றும் அகப்படவில்லை என்று சேர்ந்து வந்தது. ரத்தக் கசிவுக்குப் பின்னால் எங்கோ ஒளிந்திருக்கிறது.

பயம் என்றால் எனக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் பயமே இல்லை. கண்ணைத் திறந்திருந்தால் கோடு தெரிகிறது, பார்க்க முடியவில்லை. கண்ணை மூடினால் அது எங்கே போகிறது என்று தெரியாது, அதைவிட மோசம். தும்மல் வந்தால் அடக்கினேன். வலப்பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. தண்ணீர் குடிக்கத் தலையை அண்ணாந்தால் அது பின்பக்கமாக வழிந்து மூளைக்குப் போய்விடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, குனிந்தே குடித்தேன். மேலெல்லாம் தண்ணீர் கொட்டியது. இருபத்து நான்கு வயசுப் பெண்ணுக்குக் கழுத்தில் துண்டு கட்டிவிட்டார் அப்பா.

முதல் நாள் ஆசையாக இடியாப்பம் வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு இட்லிதான். ஆரஞ்சுப் பழம் உரித்தால் ஒவ்வொரு சுளையிலும் ஒட்டியிருக்கும் வெள்ளை நாரை நகத்தால் வழித்து வழித்து எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார். சிமெண்ட் பட்டுக் காய்த்துப்போன விரல். ஒரு பழத்துக்குக் கால் மணி நேரம் ஆகும்.

மூன்றாம் நாள் மாலை ஸ்டெல்லாவும் பேச்சியும் பார்க்க வந்தார்கள். ஸ்டெல்லா வந்ததும் வராததுமாகக் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூச்சின்றாங்களேடி. நான் குட்த்த மீனால இல்லையே? அதே மீனைத்தான் எங்க வூட்ல அஞ்சு பேரு துன்னோம். சட்டில அரை அவரு கொதிக்க வச்சோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லடி."

அரை மணி நேரம். நான் பேச்சியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் புழுக்கத்தில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். கையை நீட்டி அதை விலக்கினேன். கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை எலும்புக்கு மேல், உள்ளங்கை அகலத்துக்கு வீக்கம்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"அலர்ஜிடி."

"மொதல்ல எங்க வந்துச்சு?"

பேச்சி துப்பட்டாவை இழுத்து மூடினாள். ஸ்டெல்லா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் குனிந்து, "சொல்லிராத செல்வி. உன் காலைப் பிடிக்கிறேன். அந்தாளு வீட்டுல கல்யாணப் பத்திரிகை அடிக்கத் தயாரா உக்காந்திருக்கான்" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

அவர்கள் போன பிறகு படுக்க முடியவில்லை. வயிறு, விலா, தோள், கழுத்து, கன்னம், இமை. என் உடம்பில் அது வந்த வழியை விரல் விட்டு எண்ணினேன். பேச்சிக்கு அது கழுத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டே இடம்தான் பாக்கி. என்னைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவள் ஆயுசுக்கும் திட்டட்டும், ஆனால் இந்தக் கோட்டை அவள் பார்க்கக் கூடாது. அந்தக் குட்டிச்சுவர் மாமனைக்கூட இரண்டு கண்ணாலும் பார்த்துச் சண்டை போடட்டும்.

காலையில் டாக்டரம்மா சுற்றி வந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கெட்டில், ஊதுபத்தி, 'டக்' என்ற சத்தம், கண்ணாடி போல இருந்த சதை, பேச்சியின் கழுத்து. அப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இதை மொத நாளே சொல்லியிருந்தா மூணு நாள் மிச்சம்மா" என்றார். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் விளக்கிச் சொன்னார். "பூனை, நாய் வயித்துல வாழ வேண்டிய உருளைப்புழு இது. அதுங்க கழிவோட முட்டை குளத்துக்குப் போகும். அது பொரிஞ்சு வர்ற குஞ்சைத் தண்ணியில இருக்கிற பொடிப் பூச்சி தின்னும், பூச்சியை மீன் தின்னும். புழு மீன் சதைக்குள்ள சுருண்டு படுத்துக்கும். அந்த மீனைப் பூனை தின்னா, அது வயித்துல வளர்ந்து முழுப் புழுவாயிரும். மனுஷன் தின்னா அதுக்குத் திக்குத் தெரியாது. வளரவும் முடியாது, வெளியேறவும் தெரியாது. உடம்பு பூரா வழி தேடி அலையும்."

"கொதிச்சுச்சே மேடம்" என்றேன். குழந்தை மாதிரி.

"கொதிச்சது தண்ணி. தடிமனான துண்டு. நடுவுல சூடே போயிருக்காது. நல்லா வெந்திருந்தா செத்துருக்கும். அந்த வீட்டுல அரை மணி நேரம் வச்சாங்கல்ல, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல பாரு."

ஹாஸ்டலுக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என்ன வார்டனா? சீட்டுல மீன் புழுன்னு எழுதுவேன். எதுல சமைச்சீங்கன்னு எழுத இடமே இல்லை. அந்தப் பொண்ணை நாளைக்கே வரச் சொல்லு."

அவர் போனதும் அப்பா வந்து உட்கார்ந்தார். ஆரஞ்சு ஒன்றை எடுத்து, உரிக்காமல் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "வாய்க்கு ருசியாத் தின்னது தப்பில்லத்தா. மூணு நாளா எங்கிட்டக்கூட வாயத் தொறக்காம கெடந்த பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல" என்றார். அதைவிட என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

பேச்சிக்கு போன் போட்டேன். "காட்டிக்குடுத்துட்டேல்ல" என்று வைத்துவிட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தாள், என் வார்டுக்கு வராமல் டாக்டரம்மா அனுப்பிய இடத்துக்கு நேராகப் போய் இருபத்தொரு நாள் மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள். தோலில் அலைகிற வரைக்கும் மாத்திரைக்கு அடங்கிவிடுமாம். லைன் லீடரிடம் அலர்ஜி என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள். அவளுக்குக் கண் வரைக்கும் வரவில்லை. இதைப் படிக்கிற நீங்களும் வாளிக்கு அடியில் இப்போதும் எதையாவது ஒளித்து வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். முட்டை அவியுங்கள், நூடுல்ஸ் வையுங்கள். ஏரி மீனை மட்டும் அதில் போடாதீர்கள், தயவுசெய்து.

எனக்கு மாத்திரை மட்டும் போதாது. கண்ணுக்குள்ளேயே அது செத்தால் புண்ணாகிப் பார்வை மொத்தமும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. உயிரோடு வெளியே எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முதலில் கண்ணில் பட வேண்டும். காலையும் மாலையும் தாடையைக் கட்டையில் வைத்துக் காத்திருந்தேன். மாணவ டாக்டர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். இல்லை, இல்லை, இல்லை. கண்ணின் பின்பக்கம் ஒரு நரம்பு மூளைக்குப் போகிறது, அதன் வழியாக அது போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதுக்குள்ள பிடிச்சிருவோம்" என்றார். நேரான பதில் அது இல்லை என்று எனக்குப் புரிந்தது. அன்று கோடு தெரியவில்லை. அது தெரிந்தபோது பயந்ததைவிடத் தெரியாதபோது அதிகம் பயந்தேன். எல்லாமே புகை மாதிரி மங்கிக்கொண்டு வந்தது.

சேர்ந்து ஆறாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், ஊசியால் உள்ளேயிருந்து குத்தின மாதிரி வலி. கண்ணைப் பொத்திக்கொண்டு சுருண்டேன். அப்பா நர்ஸைக் கூப்பிட ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு வார்டு வாசலிலேயே கிடந்தது. கருவிக்கு முன்னால் என்னை உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா பார்த்தார்.

"வந்துருச்சு. முன்னாடி வந்துருச்சு" என்றார். குரலில் சந்தோஷம். அடுத்த நொடி அவர் பேச்செல்லாம் வேகமாகிவிட்டது. முன்பு பாப்பாவை விரிக்க மருந்து விட்டார்களே, இப்போது சுருக்குவதற்கு வேறு மருந்து விட்டார்கள். பாப்பா வழியாகத்தான் அது முன்னால் வந்திருக்கும், மறுபடி பின்னால் ஓடுவதற்குள் கதவைச் சாத்த வேண்டும் என்றார். அதுவரை சாமிகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்த நான், அந்த நேரம் அந்தப் புழுவோடு பேசினேன். அங்கேயே இரு, அசையாதே, அங்கேயே இரு.

பார்வை திரும்பும் என்று உறுதி இல்லை என்று அச்சடித்த காகிதத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். வாசிக்கத் தெரிந்தவர்தான். வாசித்தார். பேனாவை இரண்டு தடவை உதறிவிட்டுப் போட்டார்.

கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். மயக்கம் கிடையாது. முகத்தை மூடிய துணிக்குள் என் மூச்சு எனக்கே சூடாகத் திரும்பி வந்தது. வெளிச்சம் ஒன்று, அதற்குள் ஏதேதோ நிழல். கண்ணுக்குள் கெட்டியாக ஒரு ஜெல்லி விடுகிறோம், அது நகராமல் இருப்பதற்காக என்று சொல்லிக்கொண்டே செய்தார். "அசையாதேம்மா. அது அசையட்டும், நீ அசையாதே." நான் அசையவில்லை. லென்ஸ் பிடித்துப் பழகின கை, கட்டிலின் கம்பியை அப்படிப் பிடித்திருந்தது, பிறகு விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். இழுப்பது தெரிந்தது. வலி இல்லை, இழுப்பது மட்டும். யாரோ "கொக்கி மாட்டியிருக்கு மேடம்" என்றார்கள். அப்படியே செத்துவிடலாம் போல இருந்தது. மறுபடி இழுப்பது தெரிந்தது, ரொம்ப நேரம்.

"முழுசா வந்துருச்சு" என்றார் டாக்டரம்மா.

சின்ன பாட்டிலில் போட்டு அப்பாவிடம் காட்டினார்களாம். மூன்று மில்லிமீட்டர். தலை கொஞ்சம் உருண்டையாக இருக்கும், அதில் வரிசை வரிசையாகக் கொக்கி இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது என்றார்கள். "இம்புட்டுத்தானா?" என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டாராம். நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அதைப் பார்த்தது போதும்.

பூச்சி வந்துவிட்டது, பார்வை என்ன மிச்சம் என்பது கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்றார்கள். உள்ளே ரத்தம், பின்சுவரில் தழும்பு. கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். ஒரு கண்ணோடு என்னை மறுபடி இன்ஸ்பெக்ஷனில் வைப்பார்களா என்ற யோசனைகூட வரவில்லை. ஒரு பக்கம் முழுக்க இருட்டாகவே இருந்துவிட்டால் அந்தப் பக்கம் யார் வந்து நின்றாலும் தெரியாதே, அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்தார். பிளாஸ்டரைப் பிய்த்து, பஞ்சை எடுத்தார். இமை ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தார். தன் உள்ளங்கையால் என் இடது கண்ணை நன்றாக மூடிக்கொண்டு, "மெதுவாத் தொற" என்றார்.

திறந்தேன். பால் ஊற்றின மாதிரி வெள்ளை. வேறு ஒன்றுமே இல்லை.

"எத்தனை விரல் காட்டுறேன்?"

"தெரியல மேடம்."

கட்டிலின் காலடியில் அப்பா மூச்சை இழுத்தது கேட்டது. "மருந்து மொத்தமா அப்பியிருக்கு. அவசரப்படாதே" என்று டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டுத் துடைத்தார். மறுபடி விட்டுத் துடைத்தார். சிமிட்டச் சொன்னார். சிமிட்டினேன். வெள்ளைக்குள் கொஞ்சம் நீலம் வந்தது. நீலம் கட்டம் கட்டமாகப் பிரிந்தது. கட்டங்களுக்கு நடுவில் மேலிருந்து கீழே ஒரு வரிசை. ஒன்று, இரண்டு. அந்த வரிசை கோணலாக இருந்தது. ஓரத்தில் துணி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் தொங்கியது. ஏன் அப்படி இருக்கிறது என்று பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

"யப்பா" என்றேன். "சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கீக. ரெண்டாவது பொத்தான் மூணாவது ஓட்டையில இருக்கு."

அப்பா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பொத்தானைத் தொட்டார். அவிழ்க்கப் போனவர் அப்படியே கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. தோள் குலுங்குவது தெரிந்தது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டது தெரிந்தது. டாக்டரம்மா இன்னும் என் இடது கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றிருந்தார்.